நீல டிக் விழுந்த பத்திரிக

"தாயி, பத்திரிக போயிட்டு. ரெண்டு டிக்கும் நீலமாயிட்டு. ஆனா மச்சான் ஒரு வார்த்த பதில் சொல்ல மாட்டேங்காரு."

இதச் சொன்னது நயினாரு. வயசு அம்பத்தெட்டு. கரண்டு ஆபீசுல வேல பாத்து ஓய்வு வாங்குனவரு. இப்பம் சீடரு.

கேட்டுக்கிட்டிருந்தது உலகம்மை. வயசு முப்பத்தாறு. அவ தான் குரு.

வயசு தலகீழா இருக்கேன்னு யோசிக்காதிய. அவரு இவள 'தாயி'ம்பாரு. இவ அவர 'அண்ணாச்சி'ம்பா. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு.

மலையடிவாரத்துல, கொளத்தங்கரைக் கல்மண்டபம் தான் அவ இருக்க எடம். காவி கெடையாது, சுடிதாரு தான். தாடி வளக்கவும் வழியில்ல. அப்படியும் பத்து இருவது பேரு வாராங்கன்னா அவ பேச்சு அப்படி. பேச்சுன்னா, பேசாமலே இருப்பா. அதுக்குத் தான் வாராங்க.

அதுக்கு முந்தி எட்டு வருசம் மெட்ராசுல ஒரு கஸ்டமர் கேர்ல இருந்தா. காதுல மைக்க மாட்டிக்கிட்டு, "வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்"னு நாளைக்கு நூத்தி இருவது பேருட்ட கேப்பா. ஒரு ஆளுக்கு மூணு நிமிசம். அதுக்கு மேல போனா சூப்பர்வைசர் பின்னால வந்து நின்னுருவாரு.

தெனமும் காலையில பதினொரு மணிக்கு ஒரு பெரியவரு கூப்புடுவாராம்.

"எஞ் சிம்மு வேல செய்யுதாம்மா?"

"அதுல தான சார் பேசுதிய. செய்யுது."

"சரிம்மா."

வச்சிருவாரு. மறுநாளும் பதினொரு மணி. மறுபடியும் அதே கேள்வி.

ஒரு நாள் அவரு கூப்புடல. மறுநாள் கூப்புட்டாரு.

"நேத்து எங்க போனிய சார்?"

இவ கேட்டது இவ்வளவு தான். அம்பது நிமிசம் பேசுனாராம் மனுசன்.

அன்னைக்கு அவளுக்கு ஞானம் வந்துட்டுன்னு ஊருல சொல்லுதாங்க. அன்னைக்கு வேல போயிட்டுன்னு அவ சொல்லுதா.

அது கெடக்கட்டும். நயினாரு நின்னுக்கிட்டு இருக்காரு.

"உக்காருங்க அண்ணாச்சி. மச்சான்னா யாரு?"

"எம் பொஞ்சாதி கோமதிக்கு அண்ணன், தாயி. இசக்கியப்பன். தூத்துக்குடியில இருக்காரு. எம் மவ செண்பகாவுக்கு இன்னும் பன்னெண்டு நாள்ல கல்யாணம். தாய்மாமன் வராம எப்படி?"

"வரலன்னா?"

"செண்பகா சொல்லிட்டா. மாமா வந்து கழுத்துல மாலையப் போட்டு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி மணையில உக்கார வைக்கணும். இல்லன்னா மாடிய விட்டு எறங்கவே மாட்டேன்னுட்டா. மாப்பிள்ள வீட்டுல இருந்து தெனமும் கேக்காங்க, தாய்மாமன் எப்பம் வாராருன்னு. நா எச்சிலத் தான் முழுங்குதேன்."

"எப்படி அழச்சிய?"

நயினாரு நிமுந்து உக்காந்தாரு. இந்தக் கேள்விக்குத் தான் காத்துக்கிட்டு இருந்தாரு போல.

"வீடியோ பத்திரிக தாயி. நாதசுரம் வாசிக்கும். செண்பகா படம் சுத்திச் சுத்தி வரும். மேலேந்து ரோசாப்பூ கொட்டும். நானூத்திப் பன்னெண்டு பேருக்கு ஒரே அமுக்கு."

"எந்த வெரலால?"

"கட்டவெரலால தாயி."

உலகம்மை தலைய ஆட்டிக்கிட்டா.

"மச்சானுக்கும் ஒங்களுக்கும் முன்னால ஏதும் மனத்தாங்கலா?"

"ஐயோ. நகமும் சதையும். அவரு பொஞ்சாதி போனதுல இருந்து தெனமும் காலையில எனக்குப் பூப்படம் அனுப்புவாரு. 'இனிய காலை வணக்கம்'னு எழுதியிருக்கும். நா ஒடனே கட்டவெரலப் போட்டுருவேன். ரெண்டு வருசம், ஒரு நாள் தவறல."

"இப்பமும் வருதா?"

"வரும் தாயி. தெனமும் காலையில நாப்பது பேரு பூ அனுப்புதாங்க. யாரு பூ எதுன்னு யாரு பாத்தா?"

உலகம்மை எந்திரிச்சா.

"சாப்டியளா அண்ணாச்சி?"

"இல்ல தாயி. வெள்ளன பஸ்ஸு ஏறிட்டேன்."

அடுப்புல உளுந்தஞ்சோறு. பக்கத்துல எள்ளுத் தொவையல். உளுந்தஞ்சோறு வாசம் இருக்கே, கோவமா இருக்கவனையும் கூப்புடும். எங்க தெருவுல ஒரு அம்மா புருசங்கூடச் சண்ட போட்டா வேற ஒண்ணும் பேச மாட்டா. உளுந்தஞ்சோத்த வடிச்சு மூடியத் தொறந்து வச்சிருவா. அவரு தானா வந்து மன்னிப்புக் கேப்பாரு. சரி, அந்தக் கத இப்பம் வேண்டாம்.

உலகம்மை பானையத் தொறந்தா. போன எடுத்துச் சோத்தப் படம் புடிச்சா. தொவையலயும் சேத்துப் புடிச்சா.

மண்டபத்துல டவர் எடுக்காது. பின்னால ஒரு பாற இருக்கு. அதுல ஏறுனாத் தான் ரெண்டு கோடு காட்டும். அது பேரே டவர்பாற ஆயிட்டு. உலகம்மை பாறையில ஏறி எதையோ அமுக்கிட்டு எறங்கி வந்தா.

"போங்க அண்ணாச்சி. ஒங்களுக்கு வந்திருக்கு."

நயினாருக்கு முட்டுவலி. ஆனாலும் குரு சொல்லிட்டா. கைய ஊனி, காலத் தூக்கி, மூச்சு வாங்கி மேல ஏறுனாரு. போனு டிங்குன்னுச்சு.

பாத்தாரு. உளுந்தஞ்சோறு. தொவையல். மேல ஆவி பறக்கு.

பழக்கதோசம். கட்டவெரலப் போட்டாரு.

எறங்கி வந்து வாழையிலைக்குக் காத்திருந்தாரு.

உலகம்மை பானைய மூடிட்டா.

"தாயி... சோறு?"

"அனுப்பிட்டேனே. கட்டவெரலும் வந்துட்டே."

"அது படம் தாயி."

"ஆமா."

நயினாரு மூடியப் பாத்தாரு. அவளப் பாத்தாரு. மறுபடியும் மூடியப் பாத்தாரு.

"புரிஞ்சிட்டு தாயி."

"என்ன புரிஞ்சிது?"

"நேர்ல போயி வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும்."

அவ ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நயினாரு வேகமா எந்திரிச்சுக் கும்பிட்டாரு. பசி மயக்கத்துல வந்த ஞானம். பஸ்ஸ விட்டுறக் கூடாதுன்னு ஓடிட்டாரு.

அவ மண்டபத்துக்கு வாரவங்க எல்லாரும் இப்படித் தான், பாதியில ஓடிருவாங்க. சிவனணைஞ்சபெருமாள்னு ஒருத்தரு, பேங்க்குல இருந்தவரு. போன்ல செபம் எண்ணுத ஆப்பு வச்சிருந்தாரு. ஒரு தடவ சாமி பேரச் சொல்லிட்டு ஒரு தடவ அமுக்கணும். லட்சம் முடிஞ்ச அன்னைக்குத் தெரையில பட்டாசு வெடிச்சு, 'வாழ்த்துகள்'னு வந்துச்சாம். கண்ணு கலங்கி ஓடி வந்தாரு.

"லட்சம் முடிஞ்சிட்டு தாயி. இனிமே?"

"முழுசும் நீங்க சொன்னதா?"

அவரு நல்ல மனுசன், பொய் சொல்ல மாட்டாரு. "ஒரு முப்பதாயிரம் சட்டப்பையில கெடந்து அதுவா அமுங்கிட்டு தாயி."

"அப்பம் சட்டப்பைக்கு மோட்சம் கெடச்சிட்டு. நீங்க மொதல்ல இருந்து ஆரம்பிங்க."

அதுல இருந்து அவரு பையில்லாத சட்ட தச்சுப் போட்டுக்கிட்டு அலையிதாரு. போன இடுப்புல சொருகியிருக்காரு. அங்கயும் அமுங்குதாம்.

விட்டுட்டேன் பாருங்க, நயினாரு தூத்துக்குடி போயிச் சேந்துட்டாரு.

பித்தளத் தாம்பாளம். அதுல ஒரு கவுளி வெத்தல, பாக்கு, தேங்கா, கதலிப்பழம், சந்தனம், குங்குமம். நடுவுல அச்சடிச்ச பத்திரிக. வேட்டி மடிப்புக் கலையாம மச்சான் வீட்டு வாசல்ல நின்னாரு.

கதவு சாத்தியிருந்துச்சு. பக்கத்துல ஒரு பொத்தான். பொத்தானுக்கு மேல ஒரு கண்ணாடிக் கண்ணு. முன்னால வந்தப்பம் இது இல்ல.

அமுக்குனாரு.

உள்ள மணி அடிக்கல. மணி அடிச்சது சிங்கப்பூர்ல. மச்சான் மவன் வேலவன் அங்க வேல பாக்கான். இங்க வாசல்ல அமுக்குனா அங்க அவன் போன்ல ஆளு தெரியும். அவன் பேசுறது இங்க சுவத்துல கேக்கும்.

"வாங்க மாமா. சொகமா இருக்கியளா?"

நயினாரு சுவத்தப் பாத்துக் கும்பிட்டாரு. "அப்பா எங்க மாப்ள?"

"உள்ள தூங்குதாவ மாமா. மத்தியானம் எழுப்பக் கூடாது."

"பத்திரிக வைக்க வந்திருக்கேன்."

"எங்கிட்டக் காட்டுங்க மாமா. நா சொல்லிருதேன்."

நயினாரு தாம்பாளத்தத் தூக்கிக் கண்ணாடிக் கண்ணுக்கு நேரா காட்டுனாரு.

"கொஞ்சம் எடப்பக்கம் மாமா. தேங்கா மட்டும் தெரியுது."

எடப்பக்கம் காட்டுனாரு.

"ஆங், பாத்துட்டேன். படியில வச்சிட்டுப் போங்க மாமா. அப்பா எந்திரிச்சா எடுத்துக்கிடுவாவ."

மச்சான் உள்ள இருக்காரு. வேலவன் சிங்கப்பூர்ல இருக்கான். நயினாரு நடுவுல சுவத்துக்கு வெத்தல பாக்கு வச்சு அழச்சிட்டு, தாம்பாளத்தப் படியில வச்சாரு. பத்தடி நடந்து திரும்பிப் பாத்தா, ஒரு வெள்ளாடு. வெத்தலைய முடிச்சிட்டுப் பத்திரிகையில வாய வச்சிருக்கு.

சுவரு மட்டும் "ச்சூ, ச்சூ"ன்னுக்கிட்டு இருந்துச்சு. சிங்கப்பூர்ல இருந்து வெரட்டுனா ஆடு போவுமா?

வீட்டுக்கு வந்தா கோமதி கேட்டா. "அண்ணன் என்ன சொல்லிச்சு?"

"உச்சிப் பொழுதுல தூக்கமாம். பெரிய மனுசன் ஆயிட்டாரு ஒங்கண்ணன்."

"நானும் போன் போட்டேன். 'ம்'முன்னுச்சு. என்ன கோவம்னு கேட்டா, ஒம் புருசன்ட்டயே கேளுன்னு வச்சிட்டு."

மாடியில இருந்து செண்பகா எட்டிப் பாத்தா. கதவச் சாத்திக்கிட்டா.

நாலாம் நாள் நயினாரு மறுபடியும் மண்டபத்துக்கு வந்தாரு. கல்யாணத்துக்கு எட்டு நாள் தான் பாக்கி. மொகம் காஞ்சு போயிருந்துச்சு.

"நேர்லயே போனேன் தாயி."

"யாரப் பாத்திய?"

"ஆட்ட."

"வேற?"

"ஒரு கண்ணாடிய."

உலகம்மை கைய நீட்டுனா. "போனக் குடுங்க. இல்ல, நீங்களே வச்சிருங்க. மச்சான் பக்கத்தத் தொறங்க. கஸ்டமர் கேர்ல எங்களுக்கு மொதப் பாடம் இது தான். ஆளு கோவமா இருந்தா இன்னைக்கிப் பேசுறதக் கேக்காத, பழைய கம்ப்ளெயின்ட் இருக்கான்னு பாரு."

"அவரு கம்ப்ளெயின்டே குடுக்க மாட்டாரு தாயி. தங்கமான மனுசன்."

"பத்திரிகைக்கு மேல என்ன இருக்கு?"

"பிள்ளையாரு."

"வீடியோவுக்குள்ள கேக்கல அண்ணாச்சி. வீடியோவுக்கு மேல. அதுக்கு முந்தி என்ன வந்திருக்கு?"

நயினாரு கண்ணாடிய மாட்டிக்கிட்டாரு. தெரையத் தள்ளுனாரு.

"எங் கட்டவெரல் இருக்கு தாயி."

"எந்தத் தேதி?"

தேதியப் பாத்தாரு. மறுபடியும் பாத்தாரு. "பதினோரு மாசத்துக்கு முன்ன."

"அதுக்குப் பொறவு பூ வந்திருக்கா?"

தெரையக் கீழ தள்ளுனாரு. மேல தள்ளுனாரு. கட்டவெரலுக்கும் பத்திரிகைக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. பதினோரு மாசமா ஒரு பூ கூட இல்ல.

"எதுக்குக் கட்டவெரல் போட்டிய? அதுக்கு மேல இருக்கத வாசிங்க."

நயினாரு வாசிச்சாரு. சத்தமா ஆரம்பிச்சாரு.

"மாப்ள, நாளைக்கித் திருநெல்வேலி ஆசுபத்திரியில நெஞ்சுல அடப்புன்னு உள்ள சுருள் வைக்காங்களாம். கோமதிட்டச் சொல்லாத, அழுவா. எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு..."

சத்தம் கொறஞ்சிட்டு.

"முடிஞ்சா வந்துட்டுப் போ."

அதுக்குக் கீழ, மஞ்சளா, கொழுகொழுன்னு, கட்டவெரல்.

கொளத்துல ஒரு மீனு துள்ளுச்சு. சிவனணைஞ்சபெருமாள் தூணுக்குப் பின்னால செபத்த நிறுத்திட்டாரு.

"நா வாசிக்கல தாயி. காலையில நாப்பது பூவுக்கும் போட்டுக்கிட்டே வந்தேன். இதயும் பூன்னு..."

உலகம்மை பானையத் தொறந்து, எலையப் போட்டு, சோத்த வச்சா. தொவையலயும் வச்சா.

"சாப்டுட்டுப் போங்க அண்ணாச்சி."

அவரு அங்க இருந்தாத் தான. செருப்பு கூட ஒண்ணு தான் மாட்டியிருந்தாரு. மத்தது கையில இருந்துச்சு.

தூத்துக்குடி போயிச் சேந்தப்பம் மணி ஒண்ணு. கதவு சாத்தியிருந்துச்சு. நயினாரு பொத்தானத் தொடல. படியில உக்காந்துட்டாரு.

ஆனாலும் கண்ணு பாத்துட்டு. சுவரு பேசிச்சு.

"மாமா, அப்பா தூங்குதாவ."

"தூங்கட்டும். மருந்து சாப்புடுதாரா?"

சுவத்துக் கொரலு எறங்கிட்டு.

"சாப்புடுதாவ மாமா. மருந்து சாப்ட்டா மத்தியானம் தூக்கம் வந்துரும்."

"இந்தக் கண்ணு அதுக்குத் தான் வச்சியா?"

"ஆமா மாமா. தனியா இருக்காவல்லா."

"சரி. நா இங்கன உக்காந்திருக்கேன்."

ரெண்டு மணிக்கு மறுபடியும் சுவரு. "மாமா, மேல வெயிலு படுது. அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க."

தள்ளி உக்காந்தாரு.

மூணு மணிக்கு. "மாமா, நீங்க சாப்டியளா?"

"நீ ஒஞ் சோலியப் பாருல."

நாலு மணிக்குத் தாப்பா சத்தம் கேட்டுச்சு. கதவத் தொறந்தது இசக்கியப்பன். ஆளு பாதியாயிருந்தாரு. சட்ட தொளதொளன்னு கெடந்துச்சு. கையில பால் வாங்கத் தூக்குச்சட்டி.

படியில இருந்த ஆளப் பாத்தாரு. மொகம் மாறல.

"தாம்பாளம் எங்க?"

"கொண்டு வரல மச்சான்."

"பத்திரிக?"

"அதுவும் இல்ல."

"பொறவு எதுக்கு வந்த?"

நயினாரு எந்திரிக்கப் பாத்தாரு. முட்டு மடங்கிப் போச்சு, எந்திரிக்க முடியல. உக்காந்தமேனிக்கே கேட்டாரு.

"பயமா இருந்துச்சா மச்சான்?"

இசக்கியப்பன் தெருவப் பாத்தாரு. தூக்குச்சட்டிய இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துனாரு.

"இருந்துச்சு."

"இப்பம்?"

"கொஞ்சம் இருக்கு."

தூக்குச்சட்டியக் கீழ வச்சாரு. அவரும் படியில உக்காந்தாரு. போன தடவ வந்த வெள்ளாடு வந்து படியில மோந்து பாத்துச்சு. ஒண்ணும் இல்லன்னு போயிட்டு.

"அப்பா," சுவரு கூப்புட்டுச்சு, "மாமா ஒரு மணியில இருந்து இருக்காவ. பச்சத் தண்ணி கூடக் குடிக்கல."

"தெரியுதுல. நீ சும்மா கெட."

இசக்கியப்பன் தொண்டையச் செருமிக்கிட்டாரு. நயினாரு பக்கம் திரும்பாமலே கேட்டாரு.

"பிள்ளைக்கு மாலைய மருக்கொழுந்து வச்சுக் கட்டச் சொல்லட்டுமா?"

நயினாருக்குக் கண்ணுல தண்ணி கோத்துக்கிட்டு. வாயத் தொறந்தாரு, காத்துத் தான் வந்துச்சு.

"கேக்கேன்லா?"

நயினாரு கை தானா மேல வந்துச்சு. கட்டவெரல் நட்டமா நின்னுச்சு.

இசக்கியப்பன் அந்த வெரலப் புடிச்சு மடக்குனாரு.

"வாயால சொல்லு மாப்ள."